வடக்கு மூலையின் ஐந்து ஓடுகள்

கிளைவ் ஆஷ்கோம்ப் கண்டெடுத்த ஐந்து பானை ஓடுகளையும் கழுவும் வேலை லொரைன் பிக்ஸ்பியின் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? கோல்மின்ஸ்டர் தொல்லியல் சங்கத்தில் மொத்தம் முப்பத்தொரு பேர். பேசுவதற்கு முப்பது பேர், கழுவுவதற்கு ஒருத்தி. பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து, ஐம்பத்தொன்பது வயதில், சமையலறைத் தொட்டியில் பழைய டூத் பிரஷ்ஷை வைத்து மண் தேய்ப்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

கோல்மின்ஸ்டரில் ரோஜாச் செடி நடக் குழி தோண்டினாலே ஏதாவது ஒரு ரோமானியனின் கூரையில் மண்வெட்டி இடிக்கும். அதனால் அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். பெரிய கட்டடங்களுக்குச் சம்பள ஆட்கள் வருவார்கள். சின்ன இடங்களுக்குச் சங்கத்துக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு குடையோடு போய் நிற்பார்கள். மாவட்டம் முழுவதற்கும் தொல்லியல் அதிகாரி ஒரே ஒருத்தி, நயோமி ஃபேர்க்ளோ. இருநூறு குழிகளுக்கு ஒரு பெண், ஒரு பழைய கார். ஆகவே சங்கம் ‘நிறுத்துங்கள்’ என்றால் நயோமி நிறுத்துவாள், ‘ஒன்றுமில்லை’ என்றால் கான்கிரீட் ஊற்ற விடுவாள். தாளின் அடியில் லொரைனின் கையெழுத்து இருந்தால் மறுகேள்வியே கிடையாது. பதினெட்டு வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது.

இப்போது டானர்ஸ் லேனில் பழைய லாரி ஷெட்டை இடித்துவிட்டுப் பன்னிரண்டு வீடுகள் கட்டுகிறார்கள். வாடகை கட்ட முடியாமல் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருப்பவர்களுக்காகக் குறைந்த வாடகை வீடுகள். அந்த மனையின் வடக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் சங்கத் தலைவர் கிளைவின் தோட்டம். வியாழக்கிழமை அவருடைய காவல் முறை. அன்றைக்குத்தான் வடக்கு மூலைக் குழியில் அவர் கண்ணில் ஐந்து ஓடுகள் பட்டன. உடனே நயோமிக்குத் தகவல் போயிற்று. ஓடுகளைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு வேலை நின்றது. திங்கட்கிழமை நயோமி முடிவு சொல்வாள். லொரைன் கழுவிப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டால் மனை முழுவதையும் மாதக்கணக்கில் தோண்டிப் பார்க்க உத்தரவாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. வெளியே நவம்பர் மழை நச்சரித்துக்கொண்டிருந்தது. கழுவிய ஓடுகளைத் துணியில் பரப்பி விளக்கைக் கிட்டே இழுத்தாள். ஐந்தும் சிவப்பு மெருகு ஏறிய ரோமானியக் கிண்ணத்தின் துண்டுகள். அசல் சரக்கு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாவது ஓட்டின் உள்பக்கத்தில் நக அளவு இடம் மட்டும் பளபளத்தது.

லொரைன் அதை விரலால் தடவினாள். வழுவழுவென்றிருந்தது. அவள் முகம் சுருங்கிற்று.

ஒவ்வோர் ஓட்டிலும் அது கிடைத்த இடத்தின் எண்ணை எழுதிவைப்பது வழக்கம். ஓட்டின்மேல் நேரே எழுதினால் அது மையைக் குடித்துவிடும். அதனால் முதலில் நிறமில்லாத நெயில் பாலிஷை ஒரு கோடு தீற்றி, காய்ந்ததும் அதன்மேல் எண்ணை எழுதுவார்கள். இது ஓடு கழுவுகிறவர்களுக்குத் தெரியும். மேடையேறிச் சொற்பொழிவு செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. யாரோ பிளேடால் எண்ணை மட்டும் சுரண்டியிருந்தார்கள். அடியிலிருந்த பாலிஷ் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான்காவது ஓட்டில் சுரண்டல் இன்னும் அவசரமாக நடந்திருந்தது. ஓர் எண்ணின் பாதி மிச்சமிருந்தது. ஏழு. நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்ட ஏழு. மருந்துச் சீட்டில் ஒன்றும் ஏழும் மாறிப்போனால் ஆளே போய்விடுவான் என்று பயந்து, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து ஏழுக்கு இடுப்பில் கோடு போட்டுப் பழகியவள் அந்தச் சங்கத்தில் ஒருத்திதான் உண்டு.

லொரைன் மாடிக்குப் போய், பழைய பேருந்து நிலையத்தில் தோண்டியபோது தான் வரைந்து வைத்த நோட்டை எடுத்துவந்தாள். முப்பது வருடத்துக்கு முந்திய நோட்டு. ஒவ்வோர் ஓட்டையும் தாளில் வைத்து ஓரம் வரைந்திருந்தாள். இப்போது நான்காவது ஓட்டை அந்தப் படத்தின்மேல் வைத்தாள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. மற்ற நான்கையும் வைத்தாள். அவையும் உட்கார்ந்தன. இந்த ஓடுகள் சர்ச் கூடத்தில், சங்கத்தின் அலமாரியில் இருக்க வேண்டியவை. அதன் சாவி கிளைவின் சட்டைப்பையில் இருக்கிறது.

மூன்று குளிர்காலம் அந்தக் கூடத்தில் விரல் விறைக்க உட்கார்ந்து எழுதிய எண்கள் அவை. அவற்றை இந்த ஆள் சுரண்டி எடுத்து, பட்டப்பகலில் குழியின் பக்கச் சுவரில் செருகிவிட்டு, ‘அடடா, பாருங்கள்!’ என்று கூவியிருக்கிறான். இனி மரியாதை வேண்டாம், அவன் என்றே சொல்லலாம். வெள்ளிக்கிழமை காலையில் சங்கமே திரண்டுபோய் அந்த மூலையைப் படம் பிடித்தது. லொரைனும் மருந்துக்கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாள். கிளைவ் அங்கே நின்று, “நம்ம ஊரோட ஞாபகத்து மேல கான்கிரீட் ஊத்த விடமாட்டேன்” என்று தொண்டை கம்மப் பேசினான். இவள் கைதட்டினாள். அந்தக் கைகளை இப்போது சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள்.

காரணம் தேட அவள் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. மூன்று மாடி எழும்பினால் கிளைவின் தோட்டத்துக்கு மாலை வெயில் கிடையாது. ஷெட்டில் வௌவால் குடியிருக்கிறது, இடிக்கக் கூடாது என்று மனுப் போட்டான். அத்திமரத்தின் பெயரைச் சொல்லி இன்னொன்று போட்டான். இரண்டும் தள்ளுபடியாயின. ரிட்டையரான வக்கீலுக்கு வேறு வழி தெரியாமலா போகும்?

சனிக்கிழமை காலை டானர்ஸ் லேனுக்குப் போனாள். பொக்லைன் ஓட்டும் டாரில் தன் இருக்கையில் உட்கார்ந்து பன்றிக்கறி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் கூலியாட்களின் தற்காலிகக் கக்கூஸ் வாரக் கடைசி நாற்றம் நாறியது.

“வாங்க அம்மணி,” என்றான். “இன்னிக்கு என்ன தேடறீங்க? ராஜாவோட செருப்பா, ராணியோட சீப்பா?”

“சும்மா பாக்க வந்தேன், டாரில். தெக்குப் பக்கம் நிறைய தோண்டிட்ட போலிருக்கே?”

“பின்ன? வடக்கே பத்து மீட்டர் தள்ளி நில்லுன்னாங்க, நின்னுட்டேன். தெக்கே தோண்டாதேன்னு யாரும் சொல்லலியே. நேத்து நீங்கல்லாம் அந்த மூலைல கல்யாண வீட்டுக் கூட்டமாட்டம் நின்னு போட்டோ புடிச்சுக்கிட்டு இருந்தீங்க. இங்க பாக்க நாதி இல்ல.”

தெற்குக் குழியின் விளிம்புக்குப் போய்க் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குழியின் பக்கச் சுவரில், சாம்பல் நிறக் களிமண்ணுக்கு நடுவே, செக்கச்செவேலென்று வெந்த மண் வில்லாக வளைந்து ஓடியது. அதன் அடியில் கரி. கரிக்குக் கீழே மறுபடி வெந்த மண். பொக்லைன் அதன் பாதியைக் கடித்துத் தின்றிருந்தது. மீதிப் பாதி குழிக்கு அந்தப்பக்கம், இன்னும் தோண்டாத மண்ணுக்குள் இருந்தது.

பக்கத்து மண்மேட்டில் அவள் முழங்காலிட்டுக் கையால் கிளறினாள். மூன்று கிண்ணங்கள் கிடைத்தன. சூட்டில் இளகி, கோணிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இப்படிக் கெட்டுப்போன சட்டியை யாரும் விலைக்கு வாங்கி ஊரூராகத் தூக்கிக்கொண்டு திரிய மாட்டார்கள். சுட்ட இடத்திலேயேதான் எறிவார்கள். கோல்மின்ஸ்டரில் ரோமானியர்கள் பாண்டம் சுட்டார்களா என்று நூறு வருடமாக எல்லோரும் தேடுகிறார்கள். ஒருவருக்கும் சூளை அகப்பட்டதில்லை.

“இதை எப்ப தோண்டின?”

“நேத்து பதினொரு மணி இருக்கும். சிவப்பா வந்துச்சு. எனக்கே என்னவோ போல இருந்துச்சு அம்மணி. வண்டிய நிறுத்திட்டு உங்க பெரியவரைக் கூப்பிட்டேன். அங்க நின்ன எடத்துலேருந்தே திரும்பிப் பாத்தாரு. ‘அது லாரி ஷெட்டு செங்கல்ப்பா, நீ ஓட்டு’ன்னாரு. ஓட்டிட்டேன்.” டாரில் வாயைத் துடைத்துக்கொண்டான். “தப்பாப் போச்சா?”

“உன்மேல தப்பில்ல,” என்றாள் லொரைன்.

அந்த மூன்று கிண்ணங்களையும் பையில் வைத்துக்கொண்டு நேரே கிளைவின் வீட்டு மணியை அடித்தாள். கண்ணாடிக் கூரை போட்ட பின்னறையில் உட்காரவைத்தான். கணப்புச் சூடு, பூந்தொட்டிகள், எலுமிச்சை கேக். எல்லாம் ஒழுங்காக இருந்தன.

“கேக் எடுத்துக்குங்க லொரைன். ஓடெல்லாம் கழுவியாச்சா?”

அவள் நான்காவது ஓட்டை எடுத்து கேக் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “இது என்னோட ஏழு, கிளைவ்.”

கிளைவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். அதிர்ச்சியடைவான், குறைந்தபட்சம் பொய்யாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தான்.

“வார்னிஷா இது? அட, எனக்குத் தோணவே இல்லையே,” என்றான். தேர்வில் ஒரு மதிப்பெண் குறைந்துவிட்டதைப் போல வருத்தப்பட்டான். “சரி, இதனால யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க? ரோமானிய ஓடுதானே? அலமாரியில தூங்கிக்கிட்டு இருந்துச்சு, ஒரு வேலை குடுத்தேன்.”

“நீங்க நேத்து செங்கல்னு சொன்னீங்களே, அது சூளை. ரோமானியச் சூளை. பாதி போயிடுச்சு.” பையைத் திறந்து காட்டினாள். “டாரிலுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல. நாலு எட்டு நடந்து போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

கிளைவ் அந்தக் கிண்ணங்களைக் கையில் வாங்கினான். அவன் முகம் மலர்ந்தது. அதைப் போல அருவருப்பான காட்சியை லொரைன் அதுவரை கண்டதில்லை.

“அடேயப்பா! அப்ப நான் சொன்னது சரியாத்தானே போச்சு? இந்த மனைல விஷயம் இருக்குன்னு சொன்னேன், இருக்கு. கடவுளே நம்ம பக்கம்.”

“வெக்கமா இல்லையா உங்களுக்கு?”

“வெக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம் லொரைன். நீங்க கெட்டிக்காரி, கணக்கைப் பாருங்க. திங்கக்கிழமை நீங்க இந்த ஓடுகளோட தாள்ல கையெழுத்துப் போட்டா மொத்த மனையும் நிக்கும். உங்க சூளை தப்பிக்கும். ஓடு பொய்னு நீங்க சொன்னீங்கன்னா, நம்ம சங்கம் சொல்றதை அப்புறம் எவன் நம்புவான்? சூளைன்னாலும் நம்பமாட்டான், தங்கக் கிரீடம்னாலும் நம்பமாட்டான். உங்க கையாலயே அதைக் கொன்னுடுவீங்க.” தட்டை அவள் பக்கம் தள்ளினான். “ஒரு துண்டு சாப்பிடுங்க. காலைல செஞ்சது.”

லொரைன் ஓட்டையும் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் பேச்சு அவளைக் குடைந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் மகா அசிங்கம். கையெழுத்துப் போட்டால் சூளை பிழைக்கும். ஓட்டைப் பற்றி வாயே திறக்காமல் சூளையை மட்டும் சொல்லிப் பார்க்கலாமா என்றும் யோசித்தாள். ஆனால் கிளைவ் வியாழனன்றே ஓடுகளைப் பதிந்துவிட்டான். அந்தத் தாளில் அவள் பெயருக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. போட்டாலும் பதில், போடாவிட்டாலும் பதில்.

போட்டுவிடு, போட்டுவிடு என்று மனசு நச்சரித்தது. அதை ஒளிப்பானேன்? பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு அந்த அறிக்கை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கோல்மின்ஸ்டரின் முதல் சூளை என்று ஊர் ஊராகப் படிப்பார்கள். அதன் முதல் பக்கத்திலேயே இந்த ஐந்து ஓடுகளும் உட்கார்ந்திருக்கும், இவள் கையெழுத்தோடு. இன்னும் ஐம்பது வருடம் கழித்துப் படிக்கிற எவனோ ஒருவன், இந்தச் சந்தில் சிவப்புக் கிண்ணத்தில் சாப்பிட்ட பணக்கார வீடு இருந்தது என்று அதை நம்பி எழுதுவான். பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு கிழவனின் மாலை வெயிலுக்காக வேறு ஊர் போயிருக்கும். அடுத்த வருடம் கிளைவ் இன்னொரு பெட்டியைத் திறப்பான், ‘நம்ம லொரைன் ஒண்ணும் சொல்லமாட்டா’ என்று. பேனாவை மூடினாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு நயோமியைப் போனில் பிடித்தாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். மறுமுனையில் காற்று இரைந்துகொண்டிருந்தது.

“பதினெட்டு வருஷமா உங்க சங்கத்துத் தாளை வெச்சுத்தான் முடிவெடுக்கறேன்,” என்றாள் நயோமி. “அதுல எத்தனை தாள் இந்த மாதிரி, லொரைன்?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கிளைவ் கண்டெடுத்தவை என்று தான் இதுவரை கழுவிய ஒவ்வொன்றும் கண்முன்னே வந்துபோயிற்று.

“சூளை நெஜம், நயோமி. நீங்களே வந்து பாருங்க. மண்ணோட மண்ணா வெந்து கிடக்கற வளைவை யாரும் கொண்டுவந்து செருக முடியாது.”

“நான் அறுபது மைல் தள்ளிக் கடலோரத்துல ஒரு குழிக்குள்ள நிக்கறேன். இங்க நான் நகந்தா இதுவும் போயிடும். வெளியாள் ஒருத்தரை அனுப்பறேன், வியாழக்கிழமைதான் வருவாரு.”

“அதுக்குள்ள ஊத்திடுவாங்க. வியாழன் வரைக்கும் நிறுத்திவைங்க, போதும்.”

“போன வாரம்னா உங்க ஒரு வார்த்தைக்கு நிறுத்தியிருப்பேன்.” நயோமியின் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது. “இப்ப வடக்கு மூலைல தடை இல்ல, தோண்டுங்கன்னு நானே பில்டருக்குப் போன் பண்ணணும். பண்ணிட்டு, அதே சங்கம் தெக்கு மூலைல இன்னொண்ணு சொல்லுது, நிறுத்துங்கன்னு எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? அவங்க வக்கீல் என்னை நாறடிச்சிடுவான். படத்தை அனுப்புங்க. நான் நம்பறேனோ இல்லையோ, அது வேற விஷயம். நிறுத்த முடியாது.”

லொரைன் மருந்துக்கடைக்குச் சொல்லாமலே டானர்ஸ் லேனுக்கு ஓடினாள். டாரில் பொக்லைனில் ஏறிக்கொண்டிருந்தான்.

“பாஸ் இப்பத்தான் போன் பண்ணாரு. தெக்குக் குழியை முதல்ல முடி, மத்தியானம் கான்கிரீட் வண்டி வருதுன்னாரு,” என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினான். “நான் டீ குடிக்கப் போறேன். அரைமணி ஆகும். இல்ல, இன்னிக்கு நாக்கைச் சுட்டுக்கிட்டேன்னு வைங்க, முக்கால் மணி ஆகும். அதுக்கு மேல முடியாது அம்மணி, என் வேலை போயிடும்.”

முக்கால் மணி நேரத்தில் மூன்று பேர் மூன்று வாரம் செய்ய வேண்டியதை ஒருத்தி என்ன செய்ய முடியும்? குழிக்குள் இறங்கினாள். சேறு பூட்ஸுக்குள் புகுந்தது. அளந்தாள், வரைந்தாள், படம் எடுத்தாள். மழையில் பென்சில் வழுக்கியது. சுவரிலிருந்து பெயர்த்த இரண்டு மண்கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டாள். டாரில் வந்து தொண்டையைச் செருமினான். அவள் ஏறி வந்தாள்.

பொக்லைனின் முதல் கடியில் வில் உடைந்தது. இரண்டாவதில் சூளையின் தரை வந்தது. அதில் ஒரு கிண்ணம் உடையாமல் கவிழ்ந்து கிடந்ததை அவள் பார்த்தாள். “டாரில்!” என்று கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

வடக்குச் சுவருக்கு மேலே கிளைவின் தலை தெரிந்தது. கையில் காபிக் கோப்பை.

“உங்க நேர்மைக்குத் திருப்தியா, லொரைன்?” என்று மழையில் குரல் கொடுத்தான். “நான் அப்பவே சொன்னேன்.”

“நாலு எட்டு நடந்திருந்தா இது பொழச்சிருக்கும்யா!” என்று அவள் திருப்பிக் கத்தினாள். “நாலே எட்டு! பாக்கறதுக்குத்தானே உன்னை அங்க நிறுத்தினாங்க?” பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவனை ‘உன்னை’ என்றாள். கிளைவ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை நயோமி அனுப்பிய நிபுணர் வந்தார். புத்தம்புது பூட்ஸ் போட்ட மெலிந்த மனிதர், சூளைகளைப் பற்றியே முப்பது வருடம் எழுதியவர். தெற்குக் குழி இருந்த இடத்தில் கான்கிரீட் வழவழவென்று ஆறிக் கிடந்தது. லொரைன் தன் கார் பின்கதவைத் திறந்து, ஒட்டிப்போன கிண்ணங்களையும் மண்கட்டிகளையும் ஈரத்தில் சுருங்கிய வரைபடத்தையும் காட்டினாள். மனிதர் கிண்ணங்களை எடுத்தார், திருப்பினார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

“இதுல சந்தேகமே கிடையாது,” என்றார். “இது சூளையேதான். இந்த ஊர்ல முதல் சூளை. கடவுளே, மூணு நாள் முன்னால இங்க முழுசா பாதி இருந்திருக்கு!” அவர் கான்கிரீட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. “ஏங்க, யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னோமே,” என்றாள் லொரைன். “நாங்க சொன்னதாலதான் யாரும் நிறுத்தல.”

அவர் புரியாமல் நின்றார். அவள் கார் கதவைச் சாத்தினாள்.